நீதிபீடத்தில் ஏறிய முதல் தமிழர்

உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் குடியானவர் ஒருவருக்கு வரப்புத் தகராறோ பாகப் பிரிவினைத் தாவாவோ ஏற்படுமானால், அது முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, தென்னாற்காடு ஜில்லாவின் தலைநகராயிருந்த கடலூரில் அப்பீலாகி, அங்கும் தீராவிடில் சென்னைக்குப் போய்ச் சேருவது முற்கால வழக்கம். மூன்று தலைமுறைகளாக நடந்த வழக்குகளைப் பற்றி நமது கிராமங்களில் இன்றும் கதை சொல்லுகிறார்கள். அவற்றில் வக்கீல்களின் பெயர் வரும்; செலவான பணத்தின் கணக்கு வரும்; விற்ற நிலத்தின் பெயரும் வரும். தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் பெயர் மட்டும் வருவதேயில்லை. ஹைகோர்ட்டு என்பது ஒரு சிவந்த கட்டடமாகவும், எட்டாத உயரத்திலுள்ள ஒரு நாற்காலியாகவுமே ஜனங்களின் மனத்தில் நின்றுவிட்டது.

அந்த நாற்காலியில் நம்மவர் ஒருவர் முதன்முதல் உட்கார்ந்தது 1878-ம் வருஷத்தில். அவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். தெரு விளக்கின் வெளிச்சத்தில் படித்துப் பெரிய உத்தியோகத்துக்கு வந்தவர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர்கள் சொல்லும் கதை அவரைப் பற்றியதே. கதை நல்லதுதான், ஆனால் அந்த விளக்கின் வெளிச்சத்தில் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான பாகம் மறைந்துபோய்விட்டது என்பது நமது அபிப்பிராயம். ஏழைப் பிள்ளை ஒருவர் படித்து முன்னுக்கு வருவது எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியது. ஆளும் சாதியார் தங்களுக்கே உரியதென்று வைத்திருந்த ஆசனமொன்றில் ஆளப்படும் சாதியைச் சேர்ந்தவர் ஒருவர் ஏறி உட்கார்ந்தபோது, பட்டணத்தில் எழுந்த கூச்சலும், அக்கூச்சலுக்கு அவர் தம்முடைய வேலையினாலேயே அளித்த பதிலும்தான் அவருடைய சரித்திரம். அதைச் சொல்லுமுன், அந்த ஆசனம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சிறிது கூறவேண்டும்.

கும்பினியார் சென்னையில் கோட்டை கட்டிய நாள் முதலாகவே ஏதாவதொரு விதமான கோர்ட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவை பெரும்பாலும் வர்த்தகர்களின் சச்சரவுகளைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டவை. மேயர் கோர்ட்டுப் போய் 1798-ல் ரிக்கார்டர் கோர்ட்டு வந்தது. அதுவும் போய் 1801-ல் ராஜாங்கத்தின் சாசனத்தைப் பெற்ற சுப்ரீம் கோர்ட்டு வந்தது. ஸர் தாமஸ் ஸ்டிரேஞ்சு என்பவர் அதன் முதல் பிரதம நீதிபதி. இந்து தர்மசாஸ்திரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் என்ற கீர்த்தி அவருக்கு உண்டு. இந்தச் சுப்ரீம் கோர்ட்டின் அதிகாரம் பெரும்பாலும் பட்டண எல்லைக்குள் அடங்கியது. வெளி ஜில்லாக்களின் அப்பீல்களையெல்லாம் சதர் அதாலத்து என்ற வேறொரு கோர்ட்டு கேட்டுவந்தது. முன்னதில் சீமையிலிருந்து வந்த பாரிஸ்டர்கள் நீதி வழங்கினார்கள். பின்னதில் கலெக்டர் வேலை பார்த்துப் பழகிய சிவிலியன்கள் வழங்கினார்கள். ஒரே ராஜதானியில் பட்டணத்தானுக்கு ஒரு நீதி, நாட்டுப்புறத்தானுக்கு ஒரு நீதி என்று அறுபது வருஷம் நடந்தது.

1857-ம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பிறகு கும்பினி ஆட்சி ஒழிந்து ராணியின் நேர் ஆட்சி வந்தது. இரண்டு கோர்ட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஹைகோர்ட்டு ஏற்படுத்த 1861-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி 1862-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு பிறந்தது. சுப்ரீம் கோர்ட்டின் கடைசிப் பிரதம நீதிபதியாயிருந்த ஸர் காலி ஸ்காட்லண்டே ஹைகோர்ட்டின் முதல் பிரதம நீதிபதியானார். கடற்கரைச் சாலையில் பெண்டிங்கு கட்டடம் என்று வழங்கிய பழைய இடத்திலேயே முப்பது வருஷம் கோர்ட்டு நடந்தது. இன்று நாம் காணும் சிவப்புக் கட்டடம் 1892-ல்தான் திறக்கப்பட்டது.

அந்த 1861-ம் வருஷத்துச் சட்டத்தை நமது வாசகர்கள் சற்றுக் கவனிக்கவேண்டும். அடிமைப்பட்ட நாட்டின் நீதிமன்றம் எவ்வளவு சாமர்த்தியமாக அமைக்கப்பட்டதென்பது அதில் விளங்கும். நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்களாயிருக்கவேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிவில் சர்வீஸ்காரர்களாயிருக்கவேண்டும். பிரதம நீதிபதியோ பாரிஸ்டராகவே இருக்கவேண்டும். அக்காலத்தில் பாரிஸ்டராவதற்குக் கப்பல் ஏறி லண்டனுக்குப் போகவேண்டும். சிவில் சர்வீஸ் பரீட்சையும் லண்டனிலேயே நடந்தது. எஞ்சியிருந்த சில இடங்களுக்குத்தான், பத்து வருஷம் வேலை செய்த ஹைகோர்ட்டு வக்கீலோ, பிரதான சதர் அமீன் அல்லது ஸ்மால் காஸ் கோர்ட்டு ஜட்ஜியாக ஐந்து வருஷம் இருந்தவரோ வரலாம் என்று ஒரு சிறு வாசல் வைக்கப்பட்டது. இந்தியன் என்ற சொல்லும் வெள்ளையன் என்ற சொல்லும் அந்த விதிகளில் கிடையா. ஆனால் கதவுகளில் எது யாருக்கு என்பதில் ஒருவருக்கும் சந்தேகமிருக்கவில்லை. அந்தச் சிறு வாசலின் வழியாக உள்ளே போனவரே நமது சரித்திர நாயகர்.

கல்கத்தா இவ்விஷயத்தில் நமக்கு முந்திக்கொண்டது. அங்கே 1863-லேயே சம்புநாத பண்டிதர் என்பவர் ஹைகோர்ட்டு நீதிபதியானார். சென்னை ராஜதானியோ ஹைகோர்ட்டு ஏற்பட்டுப் பதினாறு வருஷம் வரையில் ஓர் இந்தியரையும் அந்தப் பீடத்தில் காணவில்லை.

முத்துசாமி ஐயர் 1832-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி, தஞ்சாவூர் ஜில்லாவில் உச்சுவாடி என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் வேங்கட நாராயண சாஸ்திரி. வைதிகக் குடும்பம், வறுமையும் கூடவே இருந்தது. பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே தகப்பனார் காலமானார். தாயார் பிள்ளையை அழைத்துக்கொண்டு திருவாரூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் பையன் அமர்ந்தான். சில வருஷங்களில் தாயாரும் போய்விட்டார். தன் பிள்ளை படிக்கவேண்டும் என்ற ஆசை ஒன்றைத் தவிர அந்த அம்மாள் விட்டுப்போன ஆஸ்தி வேறொன்றும் இல்லை.

கிராமக் கணக்கு வேலையை இழிவாக எண்ணுகிறவர்கள் உண்டு. நிலம் எவருடையது, தீர்வை எவ்வளவு, எவர் கட்டினார், எவர் பாக்கி வைத்தார், எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்கிறது என்பவற்றையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் வித்தை அது. பிற்காலத்தில் தஞ்சாவூர், தென்னாற்காடு ஜில்லா நில வழக்குகளின் கட்டுகள் அவர் முன் வந்தபோது, சீமையிலிருந்து வந்த நீதிபதிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் சொல்லித் தெரியவேண்டிய விஷயங்கள் இவருக்குப் பத்து வயதிலேயே தெரிந்திருந்தன. ஒரு ரூபாய்ச் சம்பளம் கொடுத்துக் கணக்கர் அவருக்குக் கற்பித்ததை எந்தச் சட்டக் கல்லூரியும் கற்பித்திராது.

அங்கே தாசில்தாராயிருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒருநாள் ஆற்றங்கரை உடைந்துவிட்டதென்று செய்தி வந்ததாகவும், கச்சேரியில் வேறு ஆளில்லாமையால் இந்தச் சிறுவனை அனுப்பி விசாரிக்கச் சொன்னதாகவும், உடைப்பின் அளவு, வேண்டிய ஆட்கள், சாமான்கள், அவை கிடைக்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும் கணக்காகக் கேட்டறிந்துகொண்டு அவன் திரும்பி வந்ததாகவும் சொல்வதுண்டு. தாசில்தார் முதலில் நம்பவில்லையாம். தலைமைக் கணக்கரை அனுப்பிச் சரிபார்த்தபிறகே நம்பினாராம். எவ்வாறாயினும், அப்பெரியவர் பையனைத் தம்முடைய பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு, தம் உறவினர் வீட்டுப் பிள்ளையோடு ஆங்கிலம் படிக்க அனுப்பினார் என்பது உண்மை. ஜாதியும் வேறு, உறவும் இல்லை. புத்தியைக் கண்டு மதித்த ஒரே காரணத்தால் செய்த உதவி. தமது பிற்கால வாழ்வுக்கெல்லாம் வித்திட்டவர் நாயக்கரே என்று ஐயர் கடைசி வரையில் நன்றியோடு நினைத்துவந்தார். முத்துசாமி நாயக்கருக்கு எங்கும் சிலை இல்லை.

சென்னையில் அவர் படித்த ஹைஸ்கூலின் தலைமை ஆசிரியர் பவல் என்ற ஆங்கிலேயர். அந்தப் பள்ளியே பின்னர் பிரஸிடென்ஸி காலேஜாக வளர்ந்தது. ஆளும் இனத்தைச் சேர்ந்தவராயினும் பவல் பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே பார்த்தவர். அவரிடம் படித்துப் பெரிய பதவிகளுக்குப் போனவர்களில் ராஜா ஸர் தி. மாதவராவும் ஒருவர். 1854-ல் ராஜதானி முழுவதிலுமுள்ள மாணவர்களுக்கு வைத்த ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசை முத்துசாமி ஐயர் பெற்றார். மாதம் ஒரு ரூபாய் வாங்கியவருக்கு அது நாற்பது வருஷத்துச் சம்பளம்! தெரு விளக்குக் கதையும் இந்தப் பட்டணத்து நாட்களைப் பற்றியதே. விளக்கு இருந்ததோ இல்லையோ, எண்ணெய்க்குக் காசு இல்லாதிருந்ததை மாத்திரம் நாம் நம்பலாம்.

அப்பால் அவர் ஏறிய படிகளை விரைவில் சொல்லிவிடுகிறோம். சில காலம் உபாத்தியாயர் வேலை. பிறகு தஞ்சாவூர்க் கலெக்டர் கச்சேரியில் பதிவேட்டு வேலை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் டிப்டி இன்ஸ்பெக்டர் வேலை. 1856-ல் அரசாங்கத்தார் புதிதாக ஏற்படுத்திய வக்கீல் பரீட்சையில் தேறி, தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப் ஆனார். டென்மார்க்குக்காரர் ஆண்டு, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப்போன ஊர் அது; ஊரும் கோட்டையும் கைமாறியதுபோல அங்கே சட்டமும் கைமாறியிருந்தது. 1859-ல் டிப்டி கலெக்டர். 1865-ல் தென் கன்னட ஜில்லாவில் மங்களூரில் ஸப் ஜட்ஜி. 1868-ல் சென்னைப் பட்டணத்துப் போலீஸ் மாஜிஸ்திரேட்டு. 1871-ல் ஸ்மால் காஸ் கோர்ட்டு ஜட்ஜி. அந்த வருஷத்திலேயே, நாற்பது வயதை எட்டும் தறுவாயில், இளைஞர்களோடு உட்கார்ந்து பி.எல். பரீட்சையும் எழுதித் தேறினார். நீதிபதியாயிருந்துகொண்டே சட்ட மாணவராகவும் இருந்த இந்தக் காரியத்துக்கு ஒரு காரணம் உண்டு. தகுதியில்லை என்று தம்மை ஒருவரும் ஒதுக்கிவிட இடம் வைக்கலாகாதென்பதில் அவர் ஆயுள் முழுவதும் கவனமாயிருந்தார். வெள்ளைக்காரர் பிறப்பினால் பெற்றதை, இந்தியர் ஒவ்வொரு படியிலும் பரீட்சை கொடுத்துப் பெறவேண்டியிருந்த காலம் அது.

போலீஸ் மாஜிஸ்திரேட்டாயிருந்தபோது நடந்ததாக வழங்கும் ஒரு வழக்கை இங்கே கூறாமலிருக்க முடியாது. ஹைகோர்ட்டின் ஐரோப்பிய நீதிபதி ஒருவருடைய வீட்டுத் தோட்டத்துக்குள் இந்தியர் ஒருவர் நுழைந்துவிட்டார். நீதிபதி அவரை அடித்துவிட்டார். அடிபட்டவர் போலீஸ் கோர்ட்டில் பிராது கொடுத்தார். பிராது முத்துசாமி ஐயர் முன் வந்தது. ஹைகோர்ட்டு நீதிபதிக்குச் சம்மன் அனுப்புவதா என்று எல்லோரும் திகைத்தார்கள். நேரில் வராமல் இருந்துகொள்ள விட்டுவிடலாமே என்று மேலதிகாரியும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாராம். ஐயர் இணங்கவில்லை. பிரதிவாதி வந்து நின்றார், விசாரணை நடந்தது, மூன்று ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அபராதம் மூன்று ரூபாய்தானா என்று சிலர் நகைக்கலாம். தொகையை நாம் பார்க்கவில்லை. ஒரு நீதிபதியின் மேலிடத்தார், நாளை இவருடைய தீர்ப்புகளை அப்பீலில் ரத்துசெய்யக்கூடியவர், சிபாரிசு எழுதக்கூடியவர், எழுதாமலும் இருக்கக்கூடியவர், கூண்டின் முன் வந்து நிற்கும்படி ஆயிற்று. மூன்று ரூபாயாயினும் முந்நூறு ரூபாயாயினும், சட்டத்துக்குக் கண்ணில்லை என்று புத்தகத்தில் எழுதியிருந்ததை அன்றைக்குப் பட்டணத்து ஜனங்கள் நேரில் பார்த்தார்கள். இந்தச் செய்கைக்குப் பிறகும் அவர் மேலே ஏறினார் என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். ஆங்கிலேயர்களிலும் நியாயத்தை மதிப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் தொகை போதவில்லை என்பதே நமது நாட்டாரின் குறை.

1878-ல் அவர் ஹைகோர்ட்டில் தற்காலிக நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அப்போது பிரதம நீதிபதி ஸர் வால்டர் மார்கன். நியமனச் செய்தி வெளியானதும் சென்னையில் வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் சீறி விழுந்தன. பிராமணர் ஒருவர், சீமையைக் காணாதவர், பாரிஸ்டருமல்லர், சிவிலியனுமல்லர், ஆங்கிலேயருடைய வழக்குகளைத் தீர்ப்பதா என்பது அவற்றின் ஆத்திரம். அவருடைய சட்ட ஞானத்தில் குற்றம் காண அவற்றுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே பிறப்பையும் இனத்தையும் பற்றியே எழுதின.

இந்த இடத்தில் நமது நாட்டின் பத்திரிகைச் சரித்திரமும் கோர்ட்டின் சரித்திரமும் ஒன்றாகச் சேருகின்றன. வெள்ளைக்காரர் பத்திரிகைகளுக்குப் பதில் எழுத இந்தியருக்குச் சென்னையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுகூட இருக்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடினார்கள். இருவர் உபாத்தியாயர்கள்: ஜி. சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார். நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள்: டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்துலு, நி. சுப்பாராவ் பந்துலு. ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு, 1878-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 20-ந் தேதி ஹிந்து என்ற வாரப் பத்திரிகையை வெளியிட்டார்கள். முத்துசாமி ஐயருடைய நியமனத்தை ஆதரித்து எழுதுவதே அதன் பிறப்புக்கு உடனடிக் காரணம். நான்கு வருஷங்களுக்குப் பின்னர் அதே சுப்பிரமணிய ஐயர் தமிழில் சுதேசமித்திரனை ஆரம்பித்தார். ஆகையால், தமிழில் தேசீயப் பத்திரிகை படிக்கும் நாம் அனைவரும் ஒரு நீதிபதியின் நியமனத்துக்கு ஒரு விதத்தில் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம்.

இவ்வளவு கலவரத்துக்கும் காரணமாயிருந்தவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. பதில் எழுதவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. தினந்தோறும் கோர்ட்டுக்கு வந்தார், கட்டுகளைப் படித்தார், தீர்ப்பு எழுதினார். தற்காலிகமாக வந்தவர் பின்னர் நிலையான நீதிபதியானார். அக்கூச்சல் சில வருஷங்களில் தானாகவே அடங்கிற்று. 1883-ல் இல்பர்ட்டு மசோதாவின்போது வங்காளத்தில் அதே கூச்சல் பன்மடங்காக எழுந்தது. வெளி ஜில்லாக்களில் இந்திய மாஜிஸ்திரேட்டுகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்ற மசோதாவை வெள்ளையர் ஒன்றுகூடி உருக்குலைத்தார்கள். அந்த வருஷத்தில் சென்னை ஹைகோர்ட்டில் தமிழர் ஒருவர் ஐந்து வருஷமாக அமைதியாய் நீதி வழங்கிக்கொண்டிருந்தார் என்பதை, இந்தியருக்கு நீதி வழங்கும் யோக்கியதை இல்லையென்று வாதித்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

அவருடைய தீர்ப்புகள் பெரும்பாலும் நீண்டவை. ஒரு விஷயத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்த்த பின்னரே முடிவு சொல்லுவார். சுருக்கமாக எழுதியிருக்கலாம் என்று வக்கீல்கள் சலித்துக்கொள்வது உண்டு. ஆனால் இந்து தர்மசாஸ்திரத்தில் அவர் சொன்ன முடிவுகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. அதற்குக் காரணம் எளியது. முன்னிருந்த நீதிபதிகள் மொழிபெயர்ப்புகளைக் கொண்டும், கோர்ட்டில் வைத்திருந்த பண்டிதர்களின் அபிப்பிராயத்தைக் கொண்டும் நமது குடும்பங்களின் சொத்தைத் தீர்த்துவந்தார்கள். ஏட்டில் உள்ளதெல்லாம் வழக்கத்தில் இல்லை, வழக்கத்தில் உள்ளதெல்லாம் ஏட்டில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. முத்துசாமி ஐயரோ சமஸ்கிருதமும் கற்றவர், கிராமத்திலும் வளர்ந்தவர்.

உதாரணமாக ஒன்று சொல்லுகிறோம். தகப்பன் வாங்கிய கடனுக்காகக் கூட்டுக் குடும்பத்துச் சொத்தில் மகனுடைய பங்கையும் கடன்காரன் ஏலத்தில் எடுக்கலாமா? எடுக்கக்கூடாதென்றால் கடன் கொடுத்தவன் ஏமாறுவான். எடுக்கலாமென்றால் ஊதாரித் தகப்பனுக்குப் பிறந்த குழந்தைகள் தெருவில் நிற்பார்கள். தென்னாட்டில் நிலமுள்ள குடும்பம் ஒவ்வொன்றையும் தொட்ட கேள்வி இது. உளுந்தூர்பேட்டையில் மானாவாரிக் கொல்லை இரண்டு ஏக்கர் வைத்திருந்தவனையும் தொட்டது. 1881-ல் பொன்னப்ப பிள்ளை வழக்கில் இக்கேள்வியை ஹைகோர்ட்டின் முழு பெஞ்சு எடுத்துக்கொண்டு விசாரித்தபோது ஐயரும் அதில் ஒருவராயிருந்தார். தகப்பன் கடனை அடைப்பது மகனுடைய புண்ணியக் கடமை என்ற பழைய கொள்கை எதுவரையில் செல்லும் என்று அப்போது நடந்த ஆராய்ச்சி, பல தலைமுறைகளுக்கு வக்கீல்களுக்குப் பாடமாயிற்று. 2005-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் அந்தக் கடமையைப் பிற்காலக் கடன்களுக்கு இல்லாமல் செய்யும் வரையில், நமது கிராமங்களில் நடந்த ஏலங்களிலெல்லாம் அந்த வாதங்களின் நிழல் இருந்தது.

1891-ல் மலையாளத்து மருமக்கத்தாய விவாகங்களை விசாரிக்க ஏற்பட்ட கமிஷனுக்கு அவர் தலைவரானார். சங்கரன் நாயரும், இந்துலேகா நாவலை எழுதிய சந்து மேனோனும் அதில் அங்கத்தினர்கள். தாய்வழிக் குடும்பங்களில் கணவன் மனைவி உறவுக்குச் சட்ட மதிப்பு உண்டா என்ற சிக்கலான விஷயம் அது. அதன் பலனாக வந்த சட்டம், அவர் காலமான பிறகு, 1896-ல் நிறைவேறிற்று.

அவரைத் தேசபக்தர் என்று சொல்லலாமா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். இப்போது நாம் அச்சொல்லை வழங்கும் பொருளில் அல்லர். 1877-ல் ராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்த டில்லி தர்பாருக்கு அவர் போய்வந்தார். தாது வருஷத்துப் பஞ்சத்தில் தென்னாட்டில் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த சமயம் அது. சி.ஐ.ஈ. பட்டத்தையும், 1893-ல் ஸர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார். 1887-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நீதிபதியாயிருந்தவர் அதில் கலந்துகொள்ள இடமில்லை. பிரிட்டிஷ் ஆட்சி அநீதியென்று அவர் எண்ணியதாக நமக்கு ஒரு சான்றும் இல்லை. இவற்றையெல்லாம் மூடி மறைத்து அவரைத் தியாகியாக்குவது சத்தியத்துக்கு விரோதம். ஆனால் அந்த ஆட்சிக்கு அடிப்படையாயிருந்தது பீரங்கி மட்டுமல்ல. நீங்கள் உங்களையே ஆண்டுகொள்ளத் தகுதியற்றவர்கள் என்ற ஒரு சொல்லும் அதற்கு அடிப்படை. அந்தச் சொல்லை மேடையில் நின்று மறுத்தவர்கள் பலர். பதினாறு வருஷம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மறுத்தவர் இவர் ஒருவர்.

1893-ல் பிரதம நீதிபதி ஸர் ஆர்தர் காலின்ஸ் விடுமுறையில் சென்றபோது, மூன்று மாத காலம் முத்துசாமி ஐயர் பிரதம நீதிபதியின் வேலையைப் பார்த்தார். கல்கத்தாவில் ரமேஷ் சந்திர மித்தர் 1882-லேயே இவ்வாறு வேலை பார்த்திருக்கிறார்; சென்னையில் இதுவே முதல் தடவை. நிலையான பதவி அவருக்கு வந்திருக்கவே முடியாது. பாரிஸ்டராகவே இருக்கவேண்டும் என்ற விதியை மேலே சொன்னோம். தற்காலிகமாகச் செய்யத் தகுதியுள்ளவர் நிரந்தரமாகச் செய்யத் தகுதியற்றவர் ஆனது எந்த நியாயமோ! அவர் 1895-ம் வருஷம் ஜனவரி மாதம் 25-ந் தேதி, அறுபத்துமூன்று வயது நிரம்ப மூன்று நாள் இருக்கையில், பதவியிலிருக்கும்போதே காலமானார். ஹைகோர்ட்டில் அவருடைய சலவைக்கல் சிலையை நிறுவினார்கள்.

அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் வந்தவர்களின் வரலாறு வேறு விதமாகத் திரும்பியது. மதுரை ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1895-ல் நீதிபதியாகி, மூன்று முறை பிரதம நீதிபதியாகவும் வேலை பார்த்து, 1907-ல் விலகினார். ஓய்வு பெற்ற பின் ஹோம்ரூல் இயக்கத்தில் சேர்ந்து, 1917-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு இந்தியாவின் நிலையைப் பற்றிக் கடிதம் எழுதினார். அதைக் குறித்து அதிகார வர்க்கம் உறுமியபோது, ஸர் பட்டத்தைத் துறந்துவிட்டார். 1897-ல் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த சங்கரன் நாயர் 1908-ல் ஹைகோர்ட்டு நீதிபதியானார். பின்னர் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்தபோது, பஞ்சாப் படுகொலையின் பிறகு 1919-ல் அப்பதவியை உதறினார். முன்னவர் சத்தமில்லாமல் ஏறிய படியிலிருந்து பின்னவர்கள் சத்தமிட்டுக்கொண்டு இறங்கினார்கள். சென்னை ஹைகோர்ட்டுக்கு இந்தியர் ஒருவர் நிலையான பிரதம நீதிபதியானது நாடு விடுதலை பெற்ற பிறகு, 1948-ல். அவர் பி.வி. ராஜமன்னார்.

முதல் வாசல் திறந்தபோது அது மிகவும் குறுகலாகவே திறந்தது என்பதையும் நாம் சொல்லவேண்டும். ஆங்கிலக் கல்வி எவருக்கு முதலில் கிடைத்ததோ அவர்களுக்கே ஆசனமும் கிடைத்தது. தாழ்த்தப்பட்டோர் வகுப்பிலிருந்து அ. வரதராஜன் இந்த ஹைகோர்ட்டின் நீதிபதியானது 1973-ல். அவரே 1980-ல் டில்லி சுப்ரீம் கோர்ட்டுக்கும் அந்த வகுப்பிலிருந்து முதலாவதாகச் சென்றார். பத்மினி ஜேசுதுரை என்ற முதல் பெண் நீதிபதி வந்தது 1986-ல். முத்துசாமி ஐயருக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று! மொழியின் கதவோ இன்னும் திறக்கவில்லை. ஐயர் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் எழுதினார். அது அந்நிய ஆட்சிக் காலம். தமிழையும் ஹைகோர்ட்டு மொழியாக்கவேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2006-ல் தீர்மானம் செய்தும், இன்றும் அங்கே தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே வழங்கப்படுகின்றன. ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இந்திக்கு அளித்த இடத்தைத் தமிழுக்கு அளிக்க என்ன தடையென்று நமக்கு விளங்கவில்லை.

நமது பக்கத்திலேயே, கோர்ட்டின் கை நெடுங்காலம் எட்டாத ஒரு பிரதேசம் இருந்தது. உளுந்தூர்பேட்டையும் கல்வராயன் மலையும் 2019-ல் ஏற்பட்ட கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இப்போது ஒன்றாக இருக்கின்றன. கீழே சமவெளியில் வரப்புக்காகச் சென்னை வரையில் வழக்கு நடந்த காலத்தில், மேலே மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கமே நடந்துவந்தது. 1862-ல் ஹைகோர்ட்டு வந்தது. 1947-ல் சுதந்திரம் வந்தது. மலைவாழ் ஜனங்கள் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்ததோ 1976-ல். 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபிறகு, அடுத்த மாதத்தில், மலையில் ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எந்த நிலையில் இருக்கின்றனவென்று ஹைகோர்ட்டே ஒருவரும் மனுப்போடாமல் தானாக வழக்கெடுத்துக்கொண்டு அரசாங்கத்தைக் கேட்டது. அந்த விசாரணையைப் பற்றி மற்றொரு நாள் தனியே எழுதுவோம்.